அந்தோணி உடைத்த ஸ்பீக்கர்கள்

1

என் மகனுடைய ஸ்பீக்கரைத் துடுப்பால் அடித்து உடைத்தவன் பெயர் அந்தோணி. பாம்பன்காரன். நடந்தது மே மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில். இடம், நார்வேயின் மேற்குக் கரையில் நான் முப்பது வருடத்துக்கும் மேலாகக் குடியிருக்கும் துறைமுக நகரம். ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உச்சரிக்க வராது. எனக்கே பத்து வருடம் வரவில்லை.

முதல் அடியில் பெட்டியின் முன்பக்கம் நசுங்கியது. இரண்டாவது அடியில் உள்ளே இருந்த கூம்புகளில் ஒன்று பிய்ந்து கல்தளத்தில் உருண்டது. அப்போதும் அது பாடிக்கொண்டுதான் இருந்தது. பாடியது அந்தோணியின் குரல். தன் குரலைத் தானே துடுப்பால் அடிக்கும் ஒரு பாடகனை எங்கள் தமிழர் மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு வந்திருந்த யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது அடியில் பாட்டு நின்றது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அவனை அழைத்து வந்தவன் நான். ஆகவே போலீஸ் முதலில் தேடியது என்னைத்தான். என் ஆயுள் முழுக்கப் பிறருடைய விண்ணப்பங்களோடு கழிந்தது. முதலில் ராமநாதபுரம் மாவட்டத்தில் மீன்துறை ஆய்வாளர், பிறகு இங்கே துறைமுக அலுவலகத்தில் உரிமப் பிரிவு, இப்போது ஓய்வு. எந்தத் தாளோடு எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு மனிதன் எதற்காகத் தன் குரலை உடைக்கிறான் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

2

பாம்பனில் வேலை பார்த்தபோது நான் குடியிருந்தது அந்தோணியின் அப்பா வீட்டு மாடியில். நான் பரமக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவன். கரைவலை என்றால் என்ன என்பதைக் கீழ் வீட்டுக்காரர்கள் இழுப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரை வட்டமாக விட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் இருபது இருபத்தைந்து பேர் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் மூச்சு வாங்க வேண்டும். அதற்குத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லியபடி இழுப்பார்கள். பாட்டில் மாதாவும் வருவாள், மாமியாரும் வருவாள், கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிற சோம்பேறியின் பெயரும் வரும். சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், முதல் நாள் குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடந்தார் என்பதும் வரும். அவரால் கோபித்துக்கொள்ள முடியாது. கோபித்தால் கயிறு நகராது.

பாடுகிறவர் வரிசைக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில், கயிற்றில் ஒரு கை வைத்தபடி நிற்பார். அவருக்குத்தான் கயிறு முதலில் சேதி சொல்லும். வலை பாறையில் மாட்டினால் கயிறு விறைக்கும். அந்த நொடியில் அவர் பாட்டை விட்டுவிடுவார். சொல் பாதியில் இருந்தாலும் சரி, மாதா பெயர் பாதியில் இருந்தாலும் சரி. பாட்டு நின்றால் இருபத்தைந்து பேரின் கைகளும் தளரும். வேறு கட்டளை கிடையாது.

அந்தோணியின் அண்ணன் சேவியர் அப்படிப் பாடுகிறவர். நான் நார்வேக்கு மேல்படிப்புக்குக் கிளம்பியபோது சேவியர் சின்னப் பையன், அந்தோணி தவழும் குழந்தை. பிறகு நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் சேவியர் கடலில் நிற்பார், அந்தோணி கீபோர்டோடு கல்யாண வீடுகளில் நிற்பான். ராமநாதபுரத்திலிருந்து மதுரை வரைக்கும் அவனுடைய ஆர்கெஸ்ட்ராவுக்கு நல்ல பெயர்.

3

மதுரையில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் அந்தோணி தன் அண்ணனுடைய அம்பாப் பாட்டை எடுத்துப் பாடினான். கீழே எலக்ட்ரானிக் டிரம்ஸ், மேலே கீபோர்டு, வேகம் இரண்டு மடங்கு. பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மினி பஸ்ஸில், டீக்கடையில், காது குத்தில், இங்கே எங்கள் மன்றத்துப் பொங்கல் விழாவில்கூட அதற்குப் பிள்ளைகள் ஆடினார்கள். என் மகன் அருளுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான்.

எல்லாரையும்விட அதில் சந்தோஷப்பட்டவர் சேவியர். தம்பி பாட்டு, தம்பி பாட்டு என்று கரையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். ஒரு நாள் காலையில் அவரே ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிவந்து மணலில் வைத்து, இன்றைக்குத் தம்பி பாடுவான், எனக்கு ஓய்வு என்று சொல்லிவிட்டு வழக்கமான இடத்தில் போய் நின்றார். முன்னால், தண்ணீரில், கயிற்றில் கை. வாய் மட்டும் மூடியிருந்தது.

வலை பாறையில் மாட்டியது. கயிறு விறைத்தது. சேவியருக்கு அது தெரிந்துவிட்டது. அவர் கத்தினார். அவருடைய தம்பி அதைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

பின்னால் நின்றவர்கள் உற்சாகமாக இழுத்தார்கள். பாட்டு அப்படி. நைலான் கயிறு அறுந்து, சாட்டை மாதிரித் திரும்பி, சேவியருடைய முகத்தில் விழுந்தது. இடது கண் அங்கேயே போய்விட்டது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. பல்லும் ரத்தமுமாக அவர் அலையில் கிடந்தபோது பெட்டியில் பாட்டு முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்ததாம்.

அந்தோணி அன்றைக்குப் பரமக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவனைச் சேவியருடைய மனைவி வாசலில் நிறுத்தினாள். அவள் அழவில்லை.

"அவுக கீழ கெடந்தாக. நீ பாடிக்கிட்டுத்தான் இருந்த" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுடைய தம்பிகள் பேசினார்கள், கையால். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவனை மிதித்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. அன்று மாலை பாம்பனுக்குத் திரும்பி, கீபோர்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் அடித்தான். பிறகு ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கிப் போட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

4

சேவியரின் நிவாரண மனு வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. சார் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க என்று கீழே எழுதியிருந்தது. மனுவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடலில் நடந்த விபத்துக்குத்தான் நிவாரணம், இது கரையில் நடந்தது என்று காரணம். நான் அவர் நின்ற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது என்பதற்கு ஆறு பேரிடம் வாக்குமூலம் வாங்கச் சொன்னேன். அன்றைய அலை ஏற்றம் என்ன என்று ஒரு அதிகாரி கேட்டார். அதையும் கொடுத்தோம். ஒரு மனிதனின் கண் கடலில் விழுந்ததா கரையில் விழுந்ததா என்று இரண்டு அலுவலகங்கள் ஒரு வருடம் கடிதம் எழுதிக்கொண்டன. கடைசியில் கடல் என்று முடிவாயிற்று. நான் ஜெயித்தேன். சேவியருக்குக் கண் வரவில்லை.

தாடை கூடியது, பேச்சு குழறலாக வந்தது. பாட்டு வரவில்லை. வலைக்கு அவர் போகவே இல்லை. அந்தோணியோடு ஒரு வார்த்தை கிடையாது. ஒரே முற்றத்தில் இரண்டு வீடு. ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் உள்ளே போவார்.

இதற்குள் வேறொன்று நடந்தது. சேவியருக்கு ஆனது தெரிந்தும், பக்கத்துக் கரைகளில் அந்தப் பாட்டைப் போட்டு வலை இழுக்கிற பழக்கம் பரவிவிட்டது. சம்மாட்டிகளுக்கு அது பிடித்திருந்தது. பெட்டி சம்மாட்டியைக் கிண்டல் செய்து பாடாது, களைத்துப்போனேன் என்று மெதுவாகவும் பாடாது.

அந்தோணி துடுப்பை எடுத்தது அப்போதுதான். எந்தக் கரையில் தன் குரல் கேட்டாலும் போய் அந்தப் பெட்டியை உடைத்தான். முதலில் சொல்லிப் பார்த்தான், கையைப் பிடித்துக் கெஞ்சினான், பிறகு அடித்தான். ஒரு கரையில் பெட்டிக்குச் சொந்தக்காரனின் மண்டையும் சேர்ந்து உடைந்தது. இன்னொரு கரையில் பத்துப் பேர் அவனைப் பிடித்து அவனுடைய துடுப்பாலேயே அவன் தோள்பட்டை எலும்பை முறித்தார்கள். முறித்துவிட்டு, அவன் மணலில் கிடக்க, வேண்டுமென்றே அவன் பாட்டைப் போட்டு வலையை இழுத்து முடித்தார்கள். போலீஸ் வந்து கீழே கிடந்தவன் மேல் வழக்குப் போட்டது.

நான் போனில் திட்டினேன். பாட்டை வெளியிட்ட கம்பெனியிடம் சொல்லி அதை நீக்க வழி இருக்கிறது, விண்ணப்பம் போடு என்றேன். போட்டோம். பாடகருக்கு உரிமை இல்லை, கையெழுத்துப் போட்டு எங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. பதில் சட்டப்படி சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

5

தோள் கூடிய பிறகு அந்தோணி ஒரு கரைவலையில் கூலிக்குக் கயிறு பிடித்தான். பின் வரிசையில், ஆர்கெஸ்ட்ராக்காரன் என்கிற கேலியோடு. கையில் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. கயிறு விறைப்பது கைக்குத் தெரிய ஒரு வருடமாயிற்று என்றான். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான். முன்னால் நிற்கிறவருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளில் அவன் அடி எடுத்துக் கொடுத்தான். மேடையில் பாடிய குரல் காற்றில் பத்தடிகூடப் போகவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, மைக்க முழுங்கிட்டியால, துப்புடா" என்றானாம்.

துப்பினான் என்றுதான் சொல்ல வேண்டும். தொண்டையில் ரத்தம் வருகிற வரைக்கும் பாடினான். குரல் உடைந்து, தடித்து, வேறொரு குரலாயிற்று. அதே வலையில் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு கோயில் திருவிழாக்களுக்குப் போகத் தொடங்கினான். மைக் கிடையாது, கரண்ட் கிடையாது, மேளமும் கிடையாது. ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு நிஜமான பாரம். படகு, மரத்துண்டு, மாட்டுவண்டி, எது கிடைத்தாலும். பாரம் இழுபட இழுபடத்தான் பாட்டு. பாரம் நின்றால் பாட்டு நிற்கும். ஒரு திருவிழாவில் அந்த ஊர் ஒலிபெருக்கிக்காரர்கள் பிழைப்பு போகிறதென்று கல்லெறிந்தார்கள். குழுவில் ஒருவனுக்கு நெற்றி பிளந்தது. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் கயிற்றை விடவில்லை.

பத்திரிகைகளில் இதை மின்சாரம் இல்லாத மண்ணிசை என்றெல்லாம் எழுதினார்கள். அந்தோணிக்கு அது எதுவும் முக்கியமாக இல்லை. சேவியர் ஒரு முறை வந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு. சேவியர் வரவில்லை. பாம்பனில் அவன் பாடிய நாளில் அவர் தங்கச்சிமடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

6

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அவனை அழைக்கலாம் என்றதும் செயலாளர் தியாகு துள்ளிக் குதித்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, நல்ல மனிதர். எல்லா விபரீதங்களையும் நல்ல மனிதர்கள்தான் ஆரம்பித்துவைக்கிறார்கள் என்பது என் உத்தியோக அனுபவம்.

பாஸ்போர்ட்டுக்கு அந்தோணி மேல் இருந்த வழக்குகள் தடை. அவற்றைச் சமரசத்தில் முடிக்க வைத்தேன். விசாவுக்கு அவன் தொழில் என்ன என்று கேட்டார்கள். பாடகர் என்றால் ஒரு படிவம், மீனவர் என்றால் ஒரு படிவம், இரண்டும் என்றால் படிவமே கிடையாது. இங்கே படகு ஏற்றும் சரிவுத்தளத்தில் ஒரு மரப்படகை நாற்பது பேர் கையால் இழுக்க அனுமதி வேண்டும். நான் இருந்த அதே பிரிவுக்கு விண்ணப்பித்தேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். பெருமையாக இருந்தது. மாலை நான்கு மணிக்குள் தளத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது.

அருளுக்கு முப்பது வயது. இசை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது அவன் தொழில். என்னோடு பேசுவது நார்வேஜியனில், வாரம் ஒரு முறை, பெரும்பாலும் வானிலை பற்றி. அந்தோணி எங்கள் வீட்டில் தங்கிய நாட்களில் அவன் தினமும் வந்தான். மின்சாரம் இல்லாமல் நாற்பது பேருக்கு எப்படிக் கேட்கும் என்பது அவனுடைய தொழில் சந்தேகம். அந்தோணி ஒரு கயிற்றுத் துண்டைக் கதவுக் கைப்பிடியில் கட்டி மறுமுனையை அவன் கையில் கொடுத்தான். மொழி இல்லாத இரண்டு பேரும் சமையலறையில் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

7

விழாவன்று வரவேற்புரைக்காக மட்டும் அருளுடைய ஸ்பீக்கர் வந்திருந்தது. உரை முடிந்ததும் அதை அணைத்தோம். அந்தோணி முன்னால் நின்று கயிற்றைத் தொட்டான். அவனுக்கு அடுத்து அருள். பின்னால் தமிழர்கள், வேடிக்கை பார்க்க வந்த நார்வேக்காரர்கள் என்று நாற்பது பேர். படகு தண்ணீரிலிருந்து மெல்ல ஏறியது. அந்தோணி தியாகுவின் வயிற்றைப் பற்றி ஒரு அடி கட்டினான். எல்லாரும் சிரித்தபடி இழுத்தார்கள்.

காற்று எழுந்தது. வரிசையின் கடைசியில் இருந்தவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை என்று ஒரு முணுமுணுப்பு. தியாகு உதவி செய்தார். அவருடைய போனில் அந்தப் பழைய பாட்டு இருந்தது. ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டார்.

கூட்டம் ஆரவாரித்தது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. ஆட்டமும் இழுப்பும் ஒன்றாயிற்று. அதே நேரம் படகின் அடிக்கட்டை தளத்துக் கல்லிடுக்கில் மாட்டியது. அந்தோணி பாட்டை நிறுத்தியதை நான் பார்த்தேன். அவன் வாய் பாதிச் சொல்லில் நின்றது. பெட்டியில் அவன் வாய் நிற்கவில்லை. அவன் திரும்பிக் கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை.

அவன் அருளுடைய சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கல்தளத்தில் எறிந்தான். என் மகனின் முழங்கை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைக்கிறேன். பிறகு படகிலிருந்த துடுப்பை உருவிக்கொண்டு ஓடினான். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போலீஸ்காரப் பெண் பொறுமையாகக் கேட்டாள், நான் மொழிபெயர்த்தேன். இத்தனை வருட நார்வேஜியனில் அம்பாவுக்கு என்னிடம் சொல் இல்லை. வேலைப் பாட்டு என்றேன். இசை தொடர்பான தகராறு என்று எழுதிக்கொண்டாள். கயிறு அறுந்ததா என்று கேட்டாள். இல்லை. ஆபத்து இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? நியாயமான கேள்வி. மன்றத்துக்காரர்கள் பலரும் தலையாட்டினார்கள். தியாகு அழுதுகொண்டிருந்தார். பைத்தியக்காரனைக் கூட்டிவந்துவிட்டார் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

கையைத் துண்டில் தொங்கவிட்டபடி அருள் எழுந்து வந்தான். அவள் பக்கம் திரும்பாமல் அந்தோணியிடம் வந்து, தனக்குத் தெரிந்த தமிழைத் தேடிப் பிடித்துச் சொன்னான்.

"கயிறு... கோபமா இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது."

அந்தோணி அவனையே பார்த்தான். "ஆமா தம்பி. கோவந்தான்" என்றான்.

அருள் எங்களை அழைத்துப்போய்க் காட்டினான். முப்புரிக் கயிற்றில் ஒரு புரி வெடித்துப் பூவாக விரிந்திருந்தது. புகார் எதுவும் இல்லை, பெட்டியும் முழங்கையும் என்னுடையவை என்று போலீஸ்காரியிடம் நார்வேஜியனில் சொன்னான். வானிலை சொல்கிற அதே குரல்.

அப்போது மணி மூன்றரை. படகு பாதி வழியில் நின்றது. நான்கு மணிக்குள் தளம் காலியாக வேண்டும், கையெழுத்து என்னுடையது. இதை நான் சொன்னபோது எல்லாரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் விதி விதிதான். வேறு கயிறு கொண்டுவந்தோம். போலீஸ்காரி கைகட்டி நின்றாள். அந்தோணி துடுப்பைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போய் நின்றான்.

அவன் குரல் அன்றைக்குப் பாட்டாக இல்லை. திட்டுவது போல இருந்தது. கடைசியில் நின்றவர்கள் அதைக் கேட்டிருக்க வழியில்லை. கயிற்றை உற்றுப் பார்த்துக்கொண்டு இழுத்தார்கள். நடுவில் ஒரு சொல்லின் பாதியில் அவன் நிறுத்தினான். நாற்பது பேரும் நின்றோம். தியாகு ஓரமாக நின்று அதைப் படம் பிடித்தார். அதைச் செய்யவும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

8

போன வாரம் அந்தோணி பாம்பனிலிருந்து பேசினான். அருள் கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். கட்டுப் பிரித்தாயிற்று, முழுதாக நீட்ட வரவில்லை என்றேன். பிறகு தியாகு எடுத்த படத்தை மதினி போனில் அண்ணனுக்குக் காட்டினாள் என்றான்.

"என்ன சொன்னார்?"

"மூணு தடவ பாத்தாகளாம். நான் பாதியில விடுற எடம் வந்ததும் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாகளாம்."

அவ்வளவுதானா என்றேன்.

"மறுநா வெடியக்காலம் வலைக்கு வந்துட்டாக. யாரும் கூப்பிடலை. நேரா தண்ணிக்குள்ள எறங்கி, எனக்கும் முன்னாடி போயி கயித்தப் புடிச்சு நின்னாக."

எனக்கு அந்த இடம் தெரியும். கயிறு அறுந்தால் முதலில் வந்து விழுகிற இடம். நிற்கிறவருக்கு மிச்சமிருப்பது ஒரு கண்.

வலை மாட்டியதா என்று கேட்டேன்.

"ஒரு தடவ மாட்டுச்சு. நான் பாட்ட நாலு தடவ நிப்பாட்டுனேன் சார்" என்றான். "சம்மாட்டி அசிங்க அசிங்கமா வைதாரு."